மழை விட்ட மறுநாள் மஞ்சளாய் வருவது யார்?

(வாசகர் கேள்வி-பதில்)

கார்த்திகை மழைக்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் சளிப்பூஞ்சைக்கே.

கே: மழை விட்ட மறுநாள் காலை, சோளத்தட்டைப் படப்புக்கு அடியில் மஞ்சளாக ஏதோ வாந்தி மாதிரிக் கிடந்தது. முந்தின நாள் சாயந்திரம்கூட இல்லை. மாமியார் நாய் மேல் பழி போடுகிறார். எனக்குப் பக்கத்தில் போகவே பயம்.
— குடும்பத் தலைவி, பாளையம்பட்டி

ப: நாய் நிரபராதி. கட்டிப்போட்டிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். நீங்கள் பார்த்தது ஃபூலிகோ செப்டிகா என்ற சளிப்பூஞ்சை. ஆங்கிலம் பேசும் ஊர்களிலும் இதை நாய் வாந்தி என்றுதான் சொல்கிறார்கள். அங்கேயும் நாய்தான் திட்டு வாங்குகிறது. இது கடிக்காது, தட்டையை அரிக்காது, ஆடு மாட்டை ஒன்றும் செய்யாது. ஓரிரு நாளில் மேல்தோல் வெளுத்துக் காய்ந்து, உள்ளே கரும்பழுப்புப் பொடியாகிவிடும். அந்தப் பொடிதான் அதன் வித்து. ஆஸ்துமா இருப்பவர்கள் அந்தச் சமயத்தில் அதைக் கிளற வேண்டாம். மற்றபடி பயம் தேவையில்லை. 1973-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுப் புல்தரையில் இது தோன்றி வளர்ந்துகொண்டே போக, அக்கம்பக்கம் மிரண்டு செய்தித்தாள் வரைக்கும் போனது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தும் அடங்கவில்லை. நாலு நாள் சும்மா இருந்தால் தானே போயிருக்கும்.

கே: இது செடியா, பூஞ்சையா, விலங்கா? மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.
— பள்ளி மாணவன், திருச்சுழி

ப: மூன்று பேருக்கும் மதிப்பெண் கிடையாது தம்பி. ஆனால் அவர்களைக் கோபித்துக்கொள்ளாதே, பெரியவர்களே குழம்பிய இடம் இது. 1753-இல் லின்னேயஸ், இன்று லைகோகாலா என்று அழைக்கப்படும் இளஞ்சிவப்புச் சளிப்பூஞ்சையைப் பார்த்துவிட்டு, பொடி கக்கும் காளான்களின் வரிசையில் சேர்த்தார். 1859-இல் ஜெர்மன் அறிஞர் அன்டோன் டி பாரி, இதன் வித்திலிருந்து ஊர்ந்து திரியும் உயிர் வெளிவருவதைக் காட்டி, விலங்குப் பக்கம் இழுத்தார். இன்று இதன் இடம் அமீபாக்களின் கூட்டத்தில். பூஞ்சை தன் உணவின் மேல் நொதியைச் சுரந்து, கரைத்து, உறிஞ்சும். சளிப்பூஞ்சை நகர்ந்து போய் பாக்டீரியாவை முழுசாக விழுங்கும்.

இதில் இரண்டு பெரிய பிரிவு உண்டு. முதல் பிரிவில், உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தாலும் அது ஒரே செல்தான். நடுவில் சுவர் இல்லாமல், ஆயிரக்கணக்கான உட்கருக்கள் ஒரே கூழில் மிதக்கும். அதற்கு பிளாஸ்மோடியம் என்று பெயர். பாளையம்பட்டி அம்மா பார்த்தது இந்த ஜாதி. உலகத்தில் ஏறக்குறைய 1000 இனங்கள் பதிவாகியுள்ளன. இரண்டாவது பிரிவில், அமீபாக்கள் மண்ணுக்குள் தனித்தனியாகத் திரிந்து, பஞ்சம் வந்தால் மட்டும் ஒன்றுசேரும். அதைப் பற்றி நரிக்குடிக்காரர் கேட்டிருக்கிறார், அங்கே சொல்கிறேன்.

கே: நீங்கள் சொல்வதெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பொருந்தும். நம்முடையது கரிசல். வருஷத்தில் பாதிக்கு மேல் மண் வெடித்துக் கிடக்கிறது. ஈரமே உயிரான ஒரு ஜீவன் இங்கே எப்படிப் பிழைக்கும்? ஏதோ ஒன்றிரண்டு தவறி வந்திருக்கும், அவ்வளவுதானே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், அருப்புக்கோட்டை

ப: அவ்வளவு இல்லை ஐயா. இந்தக் கேள்விக்காகத்தான் பக்கத்தையே ஒதுக்கினேன்.

ஈரம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் வருஷம் முழுக்க வேண்டும் என்பதில்லை. நம் பக்கம் பெய்யும் மழை ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரைச் சுற்றி; அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். சளிப்பூஞ்சைக்கு அது போதும், ஏனென்றால் காத்திருக்க அதனிடம் மூன்று வழி இருக்கிறது. வித்தாகக் காத்திருக்கலாம்: பல பத்தாண்டுகள் பெட்டியில் கிடந்த வித்துகள் நீர் பட்டதும் முளைத்திருக்கின்றன. அமீபாவாக இருக்கும்போது வறட்சி வந்தால், தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு அடங்கிவிடும். பிளாஸ்மோடியமாக விரிந்த பிறகு வெயில் அடித்தால், வற்றல் போலச் சுருங்கி, இறுகி, விறகுச் சந்துக்குள் கெட்டியாகக் கிடக்கும். மறு மழையில் நனைந்தால் சில மணி நேரத்தில் மறுபடி ஊரத் தொடங்கும். எக்கினோஸ்டீலியம், லைசியா போன்ற சிறுசுகள் இன்னும் கெட்டிக்காரர்கள். கண்ணுக்கே எட்டாத அளவு. ஒரு மழையின் ஈரம் மரப்பட்டையில் தங்கும் சில நாளுக்குள் வாழ்க்கையை முடித்து வித்தையும் கொட்டிவிடும்.

இன்னொன்று சொன்னால் நீங்கள் வியப்பீர்கள். கோஸ்டாரிக்கா நாட்டில் நாலு வகைக் காடுகளில் சளிப்பூஞ்சைகளைத் தேடி, மார்ட்டின் ஷ்னிட்லரும் ஸ்டீவன் ஸ்டீஃபன்சனும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், அதிக வகைகள் கிடைத்தது மேகம் தவழும் உயர்ந்த ஈரக் காட்டில் அல்ல. மாதக்கணக்கில் மழையில்லாமல் இலையுதிர்த்து நிற்கும் தாழ்வான வறண்ட காட்டில். மலை ஏற ஏற, ஈரம் கூடக் கூட, வகைகள் குறைந்தன. எந்நேரமும் நனைந்திருக்கும் இடத்தில் வித்து உலர்ந்து காற்றில் பறக்க முடியாது. நிஜப் பூஞ்சை முந்திக்கொண்டு எல்லாவற்றையும் மூடிவிடும். நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காயும் நிலம்தான் இதற்கு உகந்தது. நம் ஊரின் குணமே அதுதானே!

அதைவிட வறண்ட இடங்களுக்கும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். மாட்ரிட் அரச தாவரவியல் பூங்காவின் கார்லோஸ் லாடோவும் கூட்டாளிகளும் தென்னமெரிக்காவின் பாலைகளில், அட்டகாமா உட்பட, அழுகிய கள்ளிகளுக்குள் தேடினார்கள். வெளியே அனல் பறக்கும்போது கள்ளியின் அழுகல் திசு தன் ஈரத்தை விடாது. அந்தச் சதைக்குள் பேதாமியா மெலனோஸ்போரா போன்ற இனங்கள் கூட்டமாக வாழ்கின்றன. அறிவியலுக்கே புதியவையும் அந்தப் பாலைகளில் கிடைத்தன. கேனரித் தீவுகளில் நம் சப்பாத்திக்கள்ளிக்கு உறவான கள்ளியின் மட்டைகளுக்குள்ளும் சளிப்பூஞ்சை உண்டு. நம் தாத்தாக்கள் காலத்தில் இந்தப் பக்கம் சப்பாத்திக்கள்ளி வேலி வேலியாக நின்றது. 1926-இல் இலங்கை வழியாகக் கொண்டுவரப்பட்ட கொச்சினீல் பூச்சி அதைத் தின்று தீர்த்தது. மிச்சம் இருக்கும் புதரில் ஒரு மட்டை அழுகிச் சாய்ந்திருந்தால், அடுத்த முறை தாண்டிப் போகாமல் குனிந்து பாருங்கள். முள் கவனம்.

கடைசியாக, பாலைகளில் அதிகம் காணப்படுவது ஃபைசாரம், டிடிமியம், பேதாமியா குடும்பத்தார். இவற்றின் வித்துப்பை மேல் சுண்ணாம்புப் பொடியோ படிகமோ படிந்திருக்கும். சுண்ணாம்புக்கு நமக்கா பஞ்சம்? பந்தல்குடியில் சுரங்கமே இருக்கிறது.

கே: சாப்பிடலாமா?
— வாசகர், காரியாபட்டி

ப: மெக்சிக்கோவில் வேராக்ரூஸ் பகுதியில் ஒரு சளிப்பூஞ்சையை இளசாக இருக்கும்போது வறுத்துத் தின்கிறார்கள். நம் படப்படியில் வருவது துத்தநாகத்தை உடம்பில் மிக அதிகமாகச் சேர்த்துவைக்கும் இனம். வேண்டாம். காரியாபட்டியில் நல்ல பரோட்டா கிடைக்கும்.

கே: எந்த மரத்தில் எது கிடைக்கும் என்று சொல்ல முடியுமா? எங்கள் வீட்டைச் சுற்றி வேம்பும் பனையும் நாட்டுக் கருவேலும்தான்.
— நெசவாளர், அருப்புக்கோட்டை

ப: மூன்றுமே நல்ல சொத்து. சளிப்பூஞ்சைக்கு மரத்தின் பெயர் முக்கியமில்லை. பட்டை எவ்வளவு நேரம் நீரைப் பிடித்துவைக்கும், அது புளிப்பா உவர்ப்பா என்பதுதான் கணக்கு. பைன் போன்ற புளிப்புப் பட்டையில் ஒரு கூட்டம், புளிப்பில்லாத பட்டையில் வேறு கூட்டம். நாட்டுக் கருவேலின் பட்டை ஆழமாக வெடித்துப் பிளந்திருக்கும். அந்தப் பிளவுக்குள் தூசி, பாசி, பாக்டீரியா, ஈரம் எல்லாம் ஒதுங்கும். உயிருள்ள மரத்தின் பட்டையிலேயே வாழும் சிறுசுகளுக்கு அது அரண்மனை. வேம்பின் முதிர்ந்த அடிப்பட்டையும் அப்படியே.

பனையில் தண்டை விட்டுவிட்டு மட்டையைப் பாருங்கள். வெப்பமண்டலத்தில் தரையில் விழுந்த சருகை விட, விழாமல் மரத்திலேயே தொங்கும் காய்ந்த இலையில் சளிப்பூஞ்சை செழிப்பாக இருப்பதுண்டு. காற்று வந்து போகும், மழை விட்டதும் விரைவில் உலரும், வித்துகள் வந்து ஒட்ட இடமும் இருக்கும். உச்சியில் காய்ந்து தொங்கும் ஓலையும், அடிமட்டையோடு ஒட்டிய பன்னாடையும் அதற்குத் தோதான இடங்கள். பனையேறும் ஒருவரிடம் சொல்லிவைத்து, தானாக விழும் பழைய மட்டை ஒன்றை எடுத்து வரச் சொல்லுங்கள்.

விறகுக்குப் போட்ட பழைய கட்டை இருந்தால் அதில் ஆர்சிரியா, ஸ்டெமோனிடிஸ் இரண்டையும் எதிர்பார்க்கலாம். முதலாவது சாம்பல் நிறக் குட்டித் தூண்கள். இரண்டாவது பழுப்பு மயிர்க் குஞ்சங்கள், கருப்புக் காம்பில் நெருக்கமாக நிற்கும். நெசவு நூலின் இழையைக் கண்ணாலேயே எண்ணுகிறவர் நீங்கள். உங்களுக்கு லென்ஸ்கூடத் தேவைப்படாது.

கே: அண்ணாச்சி, நான் கிடை போடுறவன். ஆட்டுப் புழுக்கையில வெள்ளையா, ஊசி முனை கணக்கா நிக்குது. மழைக்காலத்துல மட்டும். அதுவும் இந்தச் சாதிதானா?
— கீதாரி, நரிக்குடி

ப: புழுக்கையில் நிஜப் பூஞ்சைகளும் அப்படித்தான் நிற்கும், ஆகவே பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் தேடுகிற இடம் சரியான இடம். இரண்டாவது பிரிவு என்று மேலே சொன்னேனே, அந்த டிக்டியோஸ்டீலியம் கூட்டத்தை முதன்முதலில் 1869-இல் ஆஸ்கர் பிரேஃபெல்ட் கண்டெடுத்ததே சாணத்தில்தான்.

அவற்றின் கதை மனசை உலுக்கும். அமீபாக்கள் தனித்தனியாக பாக்டீரியாவைத் தின்று பெருகும். தீனி தீர்ந்ததும் ஒரு ரசாயனத்தைச் சுரந்து ஒன்றையொன்று அழைக்கும். ஒரு லட்சம் வரை கூடி ஒரே உடம்பாகி, ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் வெளிச்சத்தை நோக்கி ஊரும். பிறகு நிமிர்ந்து நிற்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு காம்பாகிச் செத்துப்போகும். அந்தக் காம்பின் தலையில் மிச்சம் நாலு பங்கு வித்தாகி உட்காரும். உயரத்தில் இருந்தால்தான் கடந்து போகும் பூச்சியின் காலிலோ ஆட்டின் குளம்பிலோ ஒட்டி வேறு இடம் போகலாம்.

செத்த ஐந்தில் ஒரு பங்கு, பிழைத்த நாலு பங்குக்கு உடன்பிறப்பா, அன்னியமா? இதைக் கண்டுபிடிக்க நம் தமிழ்நாட்டு முதுமலைக் காட்டுக்குத்தான் போனார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் வித்யானந்த் நஞ்சுண்டையா குழு, காட்டு மண்ணையும் பெரிய விலங்குகளின் சாணத்தையும் சேகரித்து 2010-இல் முடிவை வெளியிட்டது. விலங்குகளின் சாணம் வழியே இந்த அமீபாக்கள் நெடுந்தூரம் பயணம் போகின்றன. அதனால் பல வம்சத்தார் ஒரே காம்பில் கலந்து நிற்கிறார்கள். உறவில்லாதவர்களும் சேர்ந்து நிற்கிறார்கள் என்பது அறிவியலுக்கு இன்னும் பெரிய புதிர்.

உங்கள் கிடை ஊர் ஊராக நகர்கிறது. இன்று வீரசோழன், அடுத்த வாரம் பரளச்சி. குளம்பிலும் புழுக்கையிலும் இந்தக் குடிகளும் கூடவே வரும். கரிசல்காட்டுக்கு எருவோடு சேர்த்து நீங்கள் இதையும் கொடுக்கிறீர்கள் கீதாரி.

இன்னொரு செய்தி. அமெரிக்காவில் டெப்ரா பிராக் என்பவர் 2011-இல் காட்டியது: இந்த அமீபா வம்சங்களில் மூன்றில் ஒரு பங்கு, கிடைத்த பாக்டீரியா முழுவதையும் தின்றுவிடாமல் கொஞ்சத்தை வித்தோடு எடுத்துப் போய், புது இடத்தில் விதைத்துப் பெருக்கித் தின்கின்றன. விதைநெல் எடுத்துவைக்கும் புத்தி மனுசனுக்கு மட்டும் உள்ளதில்லை.

கே: உளுந்துச் செடியின் அடி இலைகளில் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக மணிகள். மருந்துக்கடையில் காட்டினேன், ஒரு பாட்டில் எடுத்துக் கொடுத்தார்கள். அடிக்கலாமா?
— விவசாயி, பந்தல்குடி

ப: பாட்டிலைத் திறக்காதீர்கள். முதலில் விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடி துடைத்தாற்போல வந்து, கீழே இலை பச்சையாகவே இருந்தால் அது ஃபைசாரம் வகைச் சளிப்பூஞ்சையாக இருக்கலாம். அது இலையைத் தின்னவில்லை. வித்து விட உயரமான இடம் தேடி ஏறியிருக்கிறது. நாலு நாள் வெயிலில் உதிர்ந்துவிடும். இலை மஞ்சளித்துக் கருகினால் அது சாம்பல் நோய் போன்ற வேறு சங்கதி. அருப்புக்கோட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு அங்கே போங்கள்.

முட்டைக்கோசின் வேரை முண்டாக்கும் ஒரு நோய்க்கிருமியை முன்பு சளிப்பூஞ்சை என்று புத்தகங்களில் சேர்த்திருந்தார்கள். அது வேறு குலம் என்று பிரித்தாகிவிட்டது. அதன் கெட்ட பெயர் இதற்கு வேண்டாம்.

கே: மூளையே இல்லாமல் புதிருக்கு விடை கண்டுபிடிக்குமாமே?
— கல்லூரி மாணவர், செம்பட்டி

ப: 2000-இல் ஜப்பானின் தொஷியுகி நக்ககாகி, ஃபைசாரம் பாலிசெஃபாலம் என்ற இனத்தைச் சிக்கலான பாதைகளுக்குள் விட்டு இரு முனையிலும் ஓட்ஸ் வைத்தார், அது மற்ற வழிகளிலிருந்து பின்வாங்கி, குறுகிய வழியில் மட்டும் தன் உடம்பை வைத்துக்கொண்டது. 2010-இல் டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களின் இடத்தில் 36 ஓட்ஸ் துணுக்குகள் வைத்தபோது, அங்கே உள்ள ரயில் வலைக்கு ஈடான வலையை ஒரே நாளளவில் போட்டது. அருப்புக்கோட்டைக்கு ரயில் வர எத்தனை வருஷம் மனு எழுதினோம் என்று நினைத்துப் பார்த்தேன்.

கே: இதையெல்லாம் வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும்தான் செய்தானா? நம்மவர் யாருமில்லையா?
— வாசகர், பரளச்சி

ப: இருக்கிறார்கள். 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்திலிருந்து வி. அக்னிஹோத்ருடு தென்னிந்தியச் சளிப்பூஞ்சைகளைத் தொடர் கட்டுரைகளாக எழுதினார். 1956-இல், இங்குள்ள செடிகளின் வேரைச் சுற்றியுள்ள மண்ணில் டிக்டியோஸ்டீலியம் குடும்பத்தார் வாழ்வதை அறிவித்தவரும் அவரே. காட்டில் மட்டும் தேடிக்கொண்டிருந்த காலத்தில் வேர் மண்ணைக் கிளறிய மனிதர். அவர் பெயர் நம் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டும். வடக்கே சண்டிகரில் கே. எஸ். திண்ட், முசூரி மலைகளில் தொடங்கி வாழ்நாளெல்லாம் சேகரித்து, 1977-இல் இந்தியச் சளிப்பூஞ்சைகள் பற்றிய நூலைத் தந்தார். 1981-இல் லக்கன்பாலும் முகர்ஜியும் வகைப்பாட்டு நூல் எழுதினார்கள். மலையும் ஈரக்காடும் இவர்கள் கண்ணில் நிறையப் பட்டன. கண்மாய்க்கரைக் கருவேலுக்கு அந்த யோகம் இன்னும் வாய்க்க வேண்டும்.

கே: மைக்ராஸ்கோப் இல்லை, ஆய்வகம் இல்லை. வீட்டில் வைத்து வளர்த்துப் பார்க்க வழி உண்டா?
— தாவரவியல் மாணவி, அருப்புக்கோட்டை

ப: உண்டு அம்மா. 1933-இல் அமெரிக்காவின் அயோவாவில் கில்பர்ட், மார்ட்டின் இருவரும் வேறு எதற்கோ மரப்பட்டையை ஈரத்தில் வைத்திருந்தபோது சளிப்பூஞ்சைகள் தானாக வந்தன. அன்றிலிருந்து உலகம் முழுக்க இதே முறைதான், வறண்ட நிலத்துக்கு இதை விட நல்ல முறையே இல்லை. மழைக்குக் காத்திருக்காமல் சித்திரை வெயிலிலும் செய்யலாம்.

மூடியுள்ள தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து, அடியில் வெள்ளை டிஷ்யூ தாளை விரித்துக்கொள். தானாக உரிந்து நிற்கும் பட்டைத் துண்டு, பனைமட்டைத் துண்டு, காய்ந்த புழுக்கை, இவற்றில் ஏதாவது ஒன்றை ஒரு டப்பாவில் பரப்பு. ஒன்றோடொன்று கலக்காதே. உயிருள்ள மரத்தைச் செதுக்காதே. காய்ச்சி ஆறிய தண்ணீரை மூழ்கும் அளவு ஊற்றி ஒரு நாள் ஊற விட்டு, மிச்ச நீரை வடித்துவிடு. மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வை. மறுநாளிலிருந்தே பார்க்கத் தொடங்கலாம். ஆனால் மூன்று மாதம் வரை விடக் கூடாது, சில இனம் கடைசியில்தான் வரும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் போதும், பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார். பஞ்சு பஞ்சாக இழை ஓடினால் அது சாதாரணப் பூஞ்சை. இழையில்லாமல் மணியாகவோ, காம்பில் நிற்கும் குட்டி உருண்டையாகவோ, மெல்லிய நரம்பு வலையாகவோ இருந்தால் உன் விருந்தாளி வந்துவிட்டார்.

வித்து முதிர்ந்ததும் அந்தத் துண்டோடு உலர்த்தி, தீப்பெட்டிக்குள் ஒட்டி, மேலே மரம், ஊர், தேதி மூன்றையும் எழுது. உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களிலும் சளிப்பூஞ்சைகள் சிறு பெட்டிகளில்தான் குடியிருக்கின்றன, தீப்பெட்டி உட்பட. 1929-இல் ஜப்பானின் மினக்கட்டா குமகுசு, தானும் சளிப்பூஞ்சை ஆராய்ச்சியாளரான பேரரசர் ஹிரோஹிட்டோவுக்கு 110 மாதிரிகளை மிட்டாய்ப் பெட்டியில் வைத்துப் பரிசளித்தார். அதே மினக்கட்டாவின் வீட்டுத் தோட்டத்து மரத்தில் கிடைத்த ஒரு சளிப்பூஞ்சைக்கு லண்டனின் குலியெல்மா லிஸ்டர் அவர் பெயரையே வைத்தார். வீட்டு மரம், ஞாபகம் வைத்துக்கொள். சிவகாசியும் சாத்தூரும் இருக்கும் மாவட்டத்தில் பெட்டிக்கும் குறைவில்லை.

கே: சீமைக்கருவேலை வேரோடு பிடுங்கச் சொல்கிறார்கள். பிடுங்கினால் இந்த ஜீவன்களுக்குக் கேடு வருமா?
— வாசகர், வீரசோழன்

ப: தாராளமாகப் பிடுங்குங்கள். மக்கும் வேரும் தூரும் பல வருஷம் இவற்றுக்குச் சோறு போடும். பிடுங்கிய இடத்தில் நாட்டுக் கருவேலும் வேம்பும் வையுங்கள்.

கே: சரி, நாங்கள் ஒன்றே ஒன்று செய்வதென்றால் என்ன செய்ய வேண்டும்?
— ஊராட்சி உறுப்பினர், திருச்சுழி

ப: சருகைக் கொளுத்தாதீர்கள். தட்டை, மட்டை, வேப்பஞ்சருகு எல்லாவற்றையும் கூட்டிக் குவித்துத் தீ வைப்பது நம் பக்கம் பழக்கமாகிவிட்டது. வெயிலைத் தாங்கும் இந்த உயிர்கள் தீயைத் தாங்காது. கண்மாய்க்கரையில் ஒரு மூலை, கோயில் நந்தவனத்தில் ஒரு மூலை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மூலை. சருகு அங்கே தை மாதம் வரை கிடந்து மக்கட்டும். ஐப்பசி மழை விட்டு நாலைந்து நாள் கழித்து, பிள்ளைகளை அழைத்துப் போய் அந்தக் குவியலைப் புரட்டிப் பாருங்கள். கிடைத்ததைத் தீப்பெட்டியில் போட்டு, மரமும் ஊரும் தேதியும் எழுதி, பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.